கூட்டு மாத்திரைக்குள் என்ன சரக்கு?

மூட்டையின் மேல் அச்சடித்த பெயரை மட்டும் பார்த்துச் சரக்கு எடுக்கிற வியாபாரி நம்மில் எவரும் இல்லை. குத்தூசி போட்டு, உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துத்தான் விலை பேசுகிறோம். ஆனால் தினமும் வாயில் போட்டுக்கொள்ளும் சர்க்கரை மாத்திரையில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "வெள்ளை மாத்திரை, காலையில் ஒன்று, இரவில் ஒன்று" என்பதோடு நம் விவரம் முடிந்துவிடுகிறது.

சர்க்கரை நோய் உள்ள வணிக அன்பர்கள் பலருக்கு இன்று எழுதித் தரப்படுவது கூட்டு மாத்திரை. இரண்டு அல்லது மூன்று மருந்துகள் ஒன்றாகச் சேர்ந்தது. மாத்திரை எண்ணிக்கை குறையும், மறதியும் குறையும், நல்ல ஏற்பாடுதான். ஆனால் உள்ளே இருக்கும் சரக்குகள் ஒரே குணம் உடையவை அல்ல.

நம் நாட்டில் பரவலாக விற்பது மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த கூட்டு. மெட்ஃபார்மின், கல்லீரல் அளவுக்கு மீறிச் சர்க்கரையை இரத்தத்தில் விடுவதைக் கட்டுப்படுத்தும். தனியாக எடுத்தால் அது சர்க்கரையை அபாயமான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படியல்ல. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். நாம் சாப்பிட்டோமா, லாரியில் லோடு இறக்கிக்கொண்டு நிற்கிறோமா என்று அது பார்ப்பதில்லை. ஆகவேதான் காலைப் பலகாரத்தோடு எடுக்கச் சொல்கிறார்கள்.

நமது பழக்கம் என்ன? ஆறு மணிக்குக் கடை திறந்து, ஒரு டீயோடு மாத்திரை, இட்லி பத்தரைக்கு, மதியச் சாப்பாடு கூட்டம் தணிந்த பிறகு மூன்றரைக்கு. தீபாவளி, பொங்கல் வாரங்களில் அதற்கும் உத்தரவாதமில்லை. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கடும் பசி வரும். கூட்டல் கணக்குத் தப்பும், வாடிக்கையாளரிடம் காரணமின்றி எரிந்து விழுவோம். அண்ணாச்சிக்கு இன்று கோபம் அதிகம் என்று பையன்கள் ஒதுங்கிப் போய்விடுவார்கள். சாப்பாடு தவறும் நாளில் அந்த மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். விரத நாட்களுக்கும், நோன்பு மாதத்திற்கும் இதே விதிதான். மறந்த மாத்திரைக்கு ஈடாக அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது.

நாம் நன்கு அறிந்த பருப்பு வியாபாரி ஒருவர் வெளியூர்க் கொள்முதலுக்குப் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து, அதே கூட்டை வேறு பெயரில் வாங்கிவந்தார். வீட்டில் அம்மாள் இரண்டு அட்டையையும் பார்த்து, டாக்டர் புதிதாக எழுதியது போலும் என்று இரண்டிலும் ஒவ்வொன்று எடுத்து வைத்துவிட்டார். மூன்றாம் நாள் மதியம் அவர் கல்லாவில் சரிந்தார். மாரடைப்பு என்றே எல்லோரும் பயந்தார்கள். கிளிமிபிரைடின் வேகம் பல மணி நேரம் நிற்கும் ஆதலால், தெளிந்த பிறகும் இரவு முழுவதும் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அரசு சார்பில் வீடு தேடி வரும் மாத்திரையையும், தனியார் டாக்டர் எழுதிய கூட்டு மாத்திரையையும் சேர்த்து எடுப்பவர்களுக்கும் இதே ஆபத்து உண்டு.

எனவே அட்டையின் பின்புறம் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் படியுங்கள். பெயரின் இறுதியில் வரும் 1, 2 என்பது பெரும்பாலும் கிளிமிபிரைடின் அளவு. 1க்குப் பதிலாக 2 கை மாறி வந்தால் அந்த மருந்து இரட்டிப்பு. எஸ்.ஆர்., இ.ஆர். என்று போட்டிருந்தால் மருந்து மெதுவாக வெளிவரும்படி செய்தது. பொடிக்கவோ மெல்லவோ கூடாது. வில்டாகிளிப்டின் (2019), டாபாகிளிஃப்ளோசின் (2020), சிட்டாகிளிப்டின் (2022) ஆகியவற்றின் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் இறங்கி விலை சரிந்தது. போட்டி வந்தால் விலை இறங்கும் என்பது நமக்குப் புதிதா என்ன! மலிவான பெயருக்கு மாறலாம். டாக்டரிடம் காட்டிவிட்டு, பழைய அட்டையை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திவிட்டு மாறுங்கள்.

மயக்கம் வரும்போல் இருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் குடித்து, பிறகு சாப்பிட வேண்டும். ஆனால் மூன்றாவது மருந்தாக வோக்ளிபோஸ் சேர்ந்திருந்தால் சர்க்கரை, வெல்லம், மிட்டாய் எதுவும் சீக்கிரம் உதவாது. நாம் தின்னும் சர்க்கரை குடலில் உடைவதையே அந்த மருந்து தாமதப்படுத்துகிறது. அவர்களுக்குக் குளுக்கோஸ் பொடிதான் வேண்டும். பழச்சுவை சேர்த்தவற்றில் சர்க்கரையும் கலந்திருப்பதுண்டு, சாதாப் பொடியே நல்லது. நம் கடை அலமாரியிலேயே இருக்கிறது. ஒரு டப்பாவைக் கல்லா அருகே வைத்துப் பையன்களிடம் சொல்லி வையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். தண்ணீர் குறையாமல் குடிக்க வேண்டும். அந்தரங்க இடத்தில் அரிப்பு வந்தால் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாதபோது இதையும் மெட்ஃபார்மினையும் தொடரலாமா என்று உடனே டாக்டரைக் கேளுங்கள். ஆபரேஷனுக்கோ, மருந்து செலுத்தி எடுக்கும் ஸ்கேனுக்கோ போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறைவதுண்டு. கால் மரத்தால் சர்க்கரைதான் காரணம் என்று விட்டுவிடாமல், ஆண்டுதோறும் பார்க்கும் சிறுநீரகப் பரிசோதனையோடு அதையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.