ஆற்றங்கரையில் ஒரு பெருங்கொப்பரை

விளைபொருளுக்கு வெளியூர் வணிகர் மட்டுமே ஆதரவாக இருப்பின், அவர் முகம் திருப்பிய அன்றே அப்பொருள் நலியத் தொடங்கும். விளைந்த ஊராரே அதனைப் போற்றி உண்பாராயின், அது நிலைத்து நிற்கும். ஜப்பான் நாட்டு வட்டார உணவு விழாக்களுள் ஒன்றை நோக்கினால் இவ்வுண்மை நமக்கு நன்கு விளங்கும்.

யமகாட்டா என்பது அந்நாட்டின் வடகிழக்கில் மலைகள் சூழ்ந்த மாவட்டம். அதனூடே ஓடும் மொகாமி ஆறு, எடோ ஆட்சிக் காலத்தில் (1603–1868) பெரும் வணிக வழியாக விளங்கியது. அப்பகுதி உழவர் விளைத்த குசும்பப்பூ, செஞ்சாயப் பொருளாகப் பக்குவம் செய்யப்பட்டுப் படகேறிற்று. சகாத்தாத் துறைமுகம் சேர்ந்து, கடல்வழியே சென்று, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற கியோட்டோ நகரின் சாயக்காரர்களை அடைந்தது. திரும்பும் படகுகள் உப்பும் உலர்மீனும் கொணர்ந்தன.

சரக்குக்காகக் காத்திருந்த படகோட்டிகள், கரையோரப் பைன் மரக்கிளையில் பானையைத் தொங்கவிட்டு, அவ்வூர்ச் சேப்பங்கிழங்கை உலர்மீனுடன் காய்ச்சி உண்டனர் என்பர். 'இமோனி' எனப்படும் கிழங்குக் குழம்பு இவ்வாறு தோன்றியதாம். இன்றும் இலையுதிர் காலத்தில் குடும்பத்தாரும் நண்பரும் ஆற்றங்கரையில் அடுப்பு மூட்டி இதனைச் சமைக்கின்றனர். உள்நாட்டார் மாட்டிறைச்சியும் சோயாச் சாறும் சேர்ப்பர். கடலை அடுத்த ஷோனைப் பகுதியினர் பன்றியிறைச்சியும், 'மிசோ' என்னும் புளித்த சோயாக் களியும் சேர்ப்பர். எது சிறந்தது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வழக்கத்தை 1989ஆம் ஆண்டில் யமகாட்டா நகரத்தார் ஊர்த் திருவிழாவாக்கினர். நகர வணிகர் சங்கத்தின் இளைஞர் பிரிவு முன்னின்று நடத்தும் இவ்விழா, செப்டம்பரில் மாமிகசாக்கி ஆற்றங்கரையில் நடைபெறுகிறது. 2018ஆம் ஆண்டு முதல் அங்கு அடுப்பேறும் கொப்பரையின் குறுக்களவு 6.5 மீட்டர். ஏறத்தாழ 3 டன் சேப்பங்கிழங்கும், ஒரு டன்னுக்கு மேற்பட்ட இறைச்சியும், ஆயிரக்கணக்கான வெங்காயத்தாள்களும் அதில் வேகின்றன. அகப்பையாக உதவுவது மண்வாரும் இயந்திரம்! அதன் இயந்திர எண்ணெயை அகற்றிவிட்டு, உண்ணத்தக்க எண்ணெயையே இடுகின்றனர். சுமார் 30,000 பேருக்குக் குழம்பு வழங்கப்படுகிறது.

குசும்பப்பூவின் கதையோ வேறு. 1868க்குப் பின் சீனத்திலிருந்து வந்த பூவும், இரசாயனச் சாயங்களும் மலிவாகக் கிடைக்கவே, கியோட்டோ வாங்குவதைக் குறைத்தது. சாகுபடியும் மிகச் சுருங்கியது. தொலைதூரச் சந்தையை நம்பிய பூ வாடியது. படகோட்டியின் பானைக் கிழங்கோ ஊராரின் அடுப்பில் வாழ்கிறது. வெளிச் சந்தை வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆயின், விளைவிப்போரும் நெய்வோரும் தம் பொருளைத் தம் ஊரார் இல்லங்களில் முதலில் நிலைபெறச் செய்தல் வேண்டும். அதுவே விலை வீழும் காலத்தில் கைகொடுக்கும் காப்பாகும்.