விக்-20 இலிருந்து கமடோர் 64க்கு பேசிக் நீட்டிப்பை மாற்றியமைத்தல்

பேசிக் நீட்டிப்பு என்பது, கணினியில் ஏற்கனவே உள்ள பேசிக் நிரல்மொழியில் புதிய கட்டளைகளைச் சேர்க்கும் பொறிமொழி நிரல் ஆகும். கமடோர் நிறுவனத்தின் வீட்டுக் கணினிகளான விக்-20 (1980), கமடோர் 64 (1982) இரண்டிலும் பேசிக் 2.0 பதிப்பே இருந்தது. அதில் படம் வரையவோ இசை எழுப்பவோ தனிக் கட்டளைகள் இல்லை. நீட்டிப்புகள் அக்குறையைப் போக்கின. ஒன்றுக்கு எழுதிய நீட்டிப்பை மற்றதற்கு மாற்றும்போது மொழி சார்ந்த பகுதியில் முகவரிகளைத் திருத்தினால் பெரும்பாலும் போதும். வன்பொருள் சார்ந்த பகுதியைப் புதிதாக எழுத வேண்டும்.

கட்டளை சேரும் விதம்

பேசிக் ஒவ்வொரு கட்டளைச் சொல்லையும் ஒரு பைட் குறியெண்ணாகச் சுருக்கிச் சேமிக்கிறது. எடுத்துக்காட்டாக, பிரிண்ட் கட்டளையின் குறியெண் 153. பேசிக்கின் சொற்கள் 128 முதல் 203 வரை அமைந்துள்ளதால், நீட்டிப்பு தன் சொற்களுக்கு 204 முதல் எண்களைக் கொடுக்கலாம். சொல்லைச் சுருக்குதல், பட்டியலிடுதல், கட்டளையை இயக்குதல் ஆகிய பணிகளுக்கான சுட்டிகள் முறையே 772, 774, 776 ஆகிய நினைவக இடங்களில் உள்ளன. இவற்றில் நீட்டிப்பு தன் முகவரியை எழுதிவிட்டால், அப்பணிகள் அதன் வழியே நடக்கும். இந்த இடங்கள் இரு கணினிகளிலும் ஒன்றே.

முகவரி மாற்றம்

பேசிக் ரோம் விக்-20இல் 49152இலும், கமடோர் 64இல் 40960இலும் தொடங்குகிறது. எனவே ரோமில் உள்ள துணைநிரல்களை அழைக்கும்போது 8192 கழிக்க வேண்டும். காற்புள்ளியைச் சரிபார்க்கும் துணைநிரல் 52989இலிருந்து 44797க்கு வருவது இவ்வாறே.

ஆனால் இவ்விதி எங்கும் பொருந்தாது. பேசிக்கின் கடைசிப் பகுதி இரண்டிலும் 57344க்கு மேல் உள்ளது. கமடோர் 64இல் இடையே மூன்று பைட் தாவல் கட்டளை சேர்ந்ததால், அங்குள்ள கணிதத் துணைநிரல்கள் மூன்று இடம் தள்ளிப்போயின. கோசைன் 57953இலிருந்து 57956க்கு நகர்ந்தது. எழுத்தை அச்சிடும் 65490 போன்ற கெர்னல் முகவரிகள் மாறவில்லை.

கவனிக்க வேண்டியவை

விக்-20இல் யுஎஸ்ஆர் சார்பின் முகவரி 1, 2 ஆகிய இடங்களில் எழுதப்படும். கமடோர் 64இல் அது 785, 786 ஆகும். அங்கே 1ஆம் இடம் ரோமை இணைக்கும், துண்டிக்கும் துறை. பழைய நிரல் அதில் எழுதினால் கணினி நின்றுவிடக்கூடும். விக்-20 கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் அமரும் 40960, இதில் பேசிக் ரோமின் இடமாதலால் நீட்டிப்பை வேறிடத்துக்கு நகர்த்த வேண்டும்.

திரைக் கட்டளைகள்

விக்-20இன் திரை 22 நெடுவரிசை, 23 வரிசை கொண்டது. எழுத்து வடிவங்களை மாற்றியே படம் வரைய முடியும். கமடோர் 64இல் 40 நெடுவரிசை, 25 வரிசையுடன், 320×200 புள்ளிகள் கொண்ட படமுறையும் உண்டு. ஆகவே புள்ளி வைக்கும் கட்டளையின் பெயரைக் காப்பாற்றலாம். உள்ளே நடக்கும் கணக்கு முற்றிலும் வேறு.

குறியெண் வரிசை

பயனர்கள் நாடாவிலும் வட்டிலும் சேமித்தவை சொற்கள் அல்ல, குறியெண்கள். மாற்றியமைப்பவர் சொற்களின் வரிசையைக் கலைத்தால், பழைய நிரலில் கோடு வரையச் சொன்ன இடத்தில் ஒலி எழும்பலாம். நீட்டிப்பே இல்லாவிட்டால் அந்நிரல்கள் இயங்கா. எனவே வரிசையை அப்படியே காப்பது மாற்றத்தின் முதல் விதியாகும்.