ஊருக்கு ரோடு வந்தாச்சு... வருமானம் கூடுச்சா?

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000 டிசம்பரில் தொடங்கியது. ரோடு போட்டதால் கிராமத்தில் என்ன மாறியது? இதை எப்படி அளப்பது?

ரோடு உள்ள ஊரையும் இல்லாத ஊரையும் சும்மா ஒப்பிட்டால் கணக்கு தப்பும். வசதியான ஊருக்கே முதலில் ரோடு வந்திருக்கலாம் இல்லையா?

வழி, திட்டத்தின் விதியிலேயே இருந்தது. மக்கள்தொகை 1,000, அடுத்து 500 தாண்டிய ஊர்களுக்கு முன்னுரிமை. 490 பேர் இருக்கும் ஊரும் 510 பேர் இருக்கும் ஊரும் மற்றபடி ஒரே மாதிரிதான். ஆனால் இரண்டாவது ஊருக்கு ரோடு கிடைக்கும் வாய்ப்பு அதிகம். சாம் ஆஷர், பால் நோவோசாட் இருவரும் இப்படி ஒப்பிட்டு 2020-ல் ஆய்வு வெளியிட்டனர்.

ரோடு வந்து 4 ஆண்டுகளில் பலர் விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போயிருந்தார்கள். விளைச்சல், வருமானம், சொத்து? பெரிய மாற்றம் இல்லை.

ரோடு தேவைதான். ஊரிலேயே பிழைக்க வழி பிறக்க அது மட்டும் போதாது என்கிறது ஆய்வு.