பெயர் கூறாது துப்புக் கொடுத்தல்

சின்னாளப்பட்டி நெசவாளராயினும் ஒட்டன்சத்திரம் விவசாயியாயினும் நம் அங்கத்தினர் பலருக்கும் ஓர் அச்சம் உண்டு: கஞ்சா விற்பவனைப் பற்றிக் காவலரிடம் சொன்னால், நாளை அவன் பகைக்கு ஆளாக வேண்டுமே! சட்டம் இவ்வச்சத்தை அறியும். குற்றத் தகவல் எவரிடமிருந்து கிடைத்தது எனக் கூறும்படி காவல் அதிகாரியைக் கட்டாயப்படுத்தலாகாது என 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சட்டமும் அவ்வாறே கூறுகிறது. அம்மாதமே, போதைப்பொருள் பற்றிப் பெயர் கூறாது தெரிவிக்க 1933 என்னும் தொலைபேசி எண் நாடெங்கும் ஏற்பட்டது.

எனினும், துப்பு வேறு; சாட்சியம் வேறு. துப்பு காவலருக்குத் திசை காட்டும். குற்றத்தை மெய்ப்பிக்கும் சான்றை அவர்களே தேடித் திரட்ட வேண்டும். ஆதலின் இடம், நேரம், வண்டி எண் ஆகியவற்றைத் திருத்தமாகக் கூறுவோமாக. வாய்க்கால் தகராற்றுக்குப் பழிவாங்க நிரபராதியின் பெயரைச் சொல்வது, ஊரைக் காக்கும் கருவியைக் கொண்டே ஊரைக் கெடுப்பதாகும்.