ஊர்ப் பாதைகளை ஆக்குதலும் காத்தலும்

ஓர் ஊரின் வாழ்வை அறிய விரும்புவோர் அதன் நெடுஞ்சாலையை மட்டும் கண்டு அமைதல் போதாது. நெடுஞ்சாலை ஊரை ஊடறுத்துச் செல்வது. பெரும்பாலும் பிறவூர்ப் பயணிகளுக்கே பயன்படுவது. வீட்டிலிருந்து பள்ளிக்கும், கோயிலிலிருந்து கேணிக்கும், வாடியிலிருந்து கடற்கரைக்கும், வளவிலிருந்து வட்டைக்கும் செல்லும் ஒற்றையடிப் பாதைகளும் ஒழுங்கைகளும் வரம்புகளுமே ஊருக்கு உரியவை. நடப்போர்க்கும் துவிச்சக்கர வண்டியிற் செல்வோர்க்கும் உரிய இப்பாதைகளை ஊரார் தாமே கூடி எவ்வாறு ஒன்றோடொன்று இணைத்து ஆக்கலாம், ஆக்கியவற்றை எவ்வாறு காக்கலாம் என்பவற்றை, மாங்கேணியை நடுவாக வைத்து இக்கட்டுரையில் ஆராய்வாம்.

மாங்கேணி மட்டக்களப்பு மாவட்டத்தின் வடபால், கோறளைப்பற்று வடக்கில் அமைந்தது. ஒருபுறம் வங்கக் கடல். மறுபுறம் களப்பும் காடும் வயலும். நடுவே மட்டக்களப்பையும் திருகோணமலையையும் இணைக்கும் ஏ-15 நெடுஞ்சாலை. அயலூர்களின் பெயர்களும் காயான்கேணி, பனிச்சங்கேணி என முடிகின்றன. கேணியாவது தோண்டப்பெற்ற நீர்நிலை. வழிநடப்போர்க்கு முதலிற் கேட்கத்தக்கது எங்கே நீர் என்பது. இக்கரையோர ஊர்கள் அவ்வினாவுக்குத் தம் பெயராலேயே விடை கூறுகின்றன.

மட்டக்களப்பு மக்களின் பேச்சில் ‘பாதை’ என்ற சொல்லுக்குப் பிறிதொரு பொருளும் உண்டு. ஆற்றையும் வாவியையும் கடக்க மனிதரையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவையையும் பாதை என்றே அழைத்தனர். நீர் குறுக்கிட்ட இடத்திலும் வழி அறுந்துவிடவில்லை என்னும் எண்ணம் அச்சொல்லில் அடங்கியிருத்தல் காண்க. 2009 இல் கிண்ணியாவிலும் 2014 இல் மண்முனையிலும் பாலங்கள் திறக்கப்பட்ட பின்னர் அத்துறைகளில் மிதவைக்கு வேலை இல்லாதாயிற்று. கல்லடியிலும் 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்டது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது. அதனை மறுப்பார் இலர். ஆயினும் சாலை செம்மையாகச் செம்மையாக வண்டிகளின் வேகமும் மிகுந்தது. முன்னர்ப் புழுதியில் மெல்ல ஊர்ந்த பேருந்துகள் இன்று பள்ளிச் சிறுவரின் தோளை உரசுவனபோற் பாய்கின்றன. வேறு வழி இன்மையால், துவிச்சக்கர வண்டியிற் பள்ளி செல்லும் பிள்ளையும், தலையிற் கூடையோடு செல்லும் தாயும் அச்சாலையின் ஓரத்தையே நம்ப வேண்டியுள்ளது. ஆகவே, ஊர்ப்பாதை பற்றிய பேச்சைப் பொழுதுபோக்கைப் பற்றிய பேச்சாக எண்ணற்க. அது பிள்ளைகளின் உயிரைப் பற்றிய பேச்சு.

இக்கரையோரத்திற்கு மிகப் பழைய நடைவழி மரபு ஒன்று உண்டு. அதுவே கதிர்காமப் பாதயாத்திரை. யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிற் புறப்படும் அடியார்கள், வெருகல் சித்திரவேலாயுதரை வணங்கி, வாகரை, பனிச்சங்கேணி, மாங்கேணி வழியே தெற்கு நோக்கி நடந்து, சித்தாண்டி, மாமாங்கம், மண்டூர், திருக்கோயில் ஆகிய தலங்களைத் தரிசித்து, உகந்தைமலையை அடைவர். ஆங்கிருந்து குமண, யால வனங்களினூடே பல நாள் நடந்து, ஆடித் திருவிழாவுக்குக் கதிர்காமம் சேர்வர். போரினால் இடையறவுபட்ட இவ்யாத்திரை 1988 இல் மீளத் தொடங்கியது. இப்பெருவழியை ஆக்கிய பொறியியலாளர் எவரும் இலர். நடந்தோரின் அடிகளே அதனை ஆக்கின. வழியிலிருந்த ஊராரின் அறமே அதனைக் காத்தது. தண்ணீர்ப் பந்தல், மடம், சுமைதாங்கி, நிழல்மரம், கேணி என்னும் ஐந்தும் நம் முன்னோர் அறிந்த பாதைப் பராமரிப்பின் உறுப்புகளாம். இன்று அடியார் பலர் கொதிக்கும் தார்ச் சாலையின் ஓரமாகவே நடக்கின்றனர். கடலோரமாகவும் களப்போரமாகவும் இருந்த மண்வழிகள் பற்றை மூடியும் வேலி அடைத்தும் மறைந்து வருகின்றன.

பாதை மறைதற்குக் காரணம் மூன்று. முதலாவது, நடவாமை. ஒரு மாரி நடவாது விட்டால் பற்றை வளரும். மூன்று மாரி விட்டால் வழி இருந்ததற்கே அடையாளம் இராது. 2004 ஆம் ஆண்டு மார்கழி 26 இல் எழுந்த ஆழிப்பேரலையும், 2006 இன் இறுதியிலும் 2007 இன் தொடக்கத்திலும் வாகரைப் பகுதி மக்கள் போரினால் இடம்பெயர்ந்தமையும் இத்தகைய இடைவெளியை உண்டாக்கின. மிதிவெடி அச்சம் நிலவிய காலத்தில், பிறர் நடந்த தடத்தை விட்டு ஓர் அடியேனும் விலகாதிருத்தலே அறிவாயிற்று. மட்டக்களப்பு மாவட்டம் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக 2017 இல் அறிவிக்கப்பட்டது. எனினும், நெடுங்காலம் ஆள் நடவாத இடத்தில் வழி வெட்ட முற்படுவோர் முன்னதாக உரிய அதிகாரிகளைக் கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது காரணம் அடைத்தல். காணி கைமாறும்போது பழைய நடைவழியை வேலிக்குள் அடக்கிவிடுதல். மூன்றாவது காரணம் நீர். இதனைப் பின்னர் விரித்துரைப்பாம்.

பாதை அமைக்க எண்ணும் ஊரார் முதற்கண் மண்வெட்டியை எடுத்தல் ஆகாது. தாளையும் எழுதுகோலையும் எடுத்தல் வேண்டும். எவ்வெவ் வழிகள் முன்னர் இருந்தன என்பதை முதியோரிடம் கேட்டு எழுதுக. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஓரங்குலப் படங்களில் வண்டிப்பாதையும் அடிப்பாதையும் தனித்தனியே குறிக்கப்பட்டுள்ளன, அவற்றோடு ஒப்பிடுக. பின்னர் அவ்வழிகளைக் கோடையில் ஒருமுறையும் மாரியில் ஒருமுறையும் நடந்து பார்த்தல் வேண்டும். கோடையிற் கண்டதை மட்டும் நம்பி அமைத்த பாதை கார்த்திகையில் குளமாகும். செய்மதி வழி இடமறியும் கைத்தொலைபேசி இன்று மாணவர் பலரிடம் உண்டு. அதனைக் கொண்டு தடத்தைப் பதிந்து, 2004 முதல் உலகத்தார் கூடி வரைந்துவரும் ‘ஓப்பின் ஸ்றீற் மப்’ என்னும் பொதுப் படத்தில் எவரும் ஏற்றலாம். ஒருமுறை படத்தில் ஏறிய வழியை இல்லை என மறுத்தல் எளிதன்று.

அடுத்தது உரிமை. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி ஊர்த் தெருக்களும் ஒழுங்கைகளும் பிரதேச சபையின் பொறுப்பில் உள்ளன. பொதுமக்கள் பயன்படுத்தும் வழிகளைச் சபையின் பதிவில் இடம்பெறச் செய்தல் முதற் கடமை. தனியார் காணியூடாகச் செல்லும் வழிக்கு, நெடுநாள் அனுபவத்தால் உரிமை பெறுதல் பற்றிய 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் பத்தாண்டுத் தடையிலா அனுபவத்தை அளவாகக் கொள்கின்றது. எனினும் வழக்கினும் இணக்கமே சிறந்தது. காணிக்காரருக்கு வேலியும் படலையும் அமைத்துக் கொடுத்து, அவர் ஒப்புதலை எழுத்திற் பெறுதல் உறவையும் காக்கும், வழியையும் காக்கும். அரச காணியாயின் பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். கடற்கரையாயின் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணற் சட்டமும் கருதப்படல் வேண்டும். உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரை அதன் எல்லையுள் அடங்கும்.

இனி ஆக்கும் முறையை நோக்குவாம். பாதைக்குப் பகை காலடியுமன்று, சில்லுமன்று, நீரே ஆகும். நீர் பாதையைக் குறுக்கே கடந்து செல்லின் கேடில்லை. பாதையின் வழியே ஓடின் அதனையே வாய்க்காலாக்கிவிடும். ஆதலால் நடுப்பகுதி சற்று உயர்ந்தோ, ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தோ இருத்தல் வேண்டும். நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரையான சாய்வு போதும். அதற்கு மேற்படின் வண்டி சறுக்கும். மலைநாட்டிலாயின் ஏற்றம் பற்றிய விதி ஒன்று உண்டு. பாதையின் ஏற்றம் மலைச்சரிவின் பாதியை விஞ்சலாகாது. விஞ்சினால் நீர் குறுக்கே போகாது பாதைவழியே இறங்கும். சமநிலமாகிய எமது நாட்டில் இவ்விதி வேண்டப்படாவிடினும் அதன் கருத்து வேண்டப்படும்.

மாங்கேணிக் கரையோரம் மணற்பாங்கானது. நனைந்த மணல் சில்லைத் தாங்கும். உலர்ந்த மணல் விழுங்கும். நடப்போர்க்கு மட்டுமாயின் மணலை அவ்வாறே விட்டு நிழல் அமைத்தல் போதும். துவிச்சக்கர வண்டியும் செல்லவேண்டுமாயின், பத்து முதல் பதினைந்து சென்ரிமீற்றர் கனத்திற்குக் கிறவல் பரப்பி நீர் தெளித்து இறுக்குதல் வேண்டும். அடியில் தென்னந்தும்பு வலை விரிப்பின் கிறவல் மணலுட் புதையாது. இருவர் எதிரெதிரே வண்டியிற் கடக்க இரண்டரை மீற்றர் அகலம் வேண்டும். நடப்போர்க்கு மட்டுமாயின் அதிற் பாதியே போதும். தலைக்கு மேலும் இரண்டரை மீற்றர் உயரம் கிளையின்றி இருத்தல் நன்று. பள்ளமான இடத்தில் வெறும் மண் அணை கட்டின் அது அடுத்தவர் வளவை வெள்ளக்காடாக்கும். ஆதலாற் குழாய் மதகு வைத்தே பாதையை உயர்த்துக.

களப்போரத்தில் மிக்க கவனம் வேண்டும். கண்டல் மரங்களின் வேர்களிடையேதான் இறாலும் மீனும் குஞ்சாக வளர்கின்றன. அங்கே மண் கொட்டி நிரவினால் நீர்ப்போக்கு அடைபடும். பாதை கிடைக்கும், மீன் போய்விடும். அத்தகைய இடத்தில் கால்கள் நாட்டிய மரப்பாலமே தக்கது. அதுவும் இயலாவிடிற் சுற்றிச் செல்லுதலே அறிவுடைமை. யானைகள் நீருக்கு வந்துபோகும் தடத்தைக் குறுக்கிடாது விலகுதலும், அத்தகைய பகுதியிற் பொழுது சாய்ந்தபின் நடமாடற்க எனப் பலகை நாட்டுதலும் வேண்டும். பாதையோரத்திற் புன்னை, பூவரசு, வேம்பு, மருது என நிலத்திற்கேற்ற மரங்களை நடுக. ஆயின் வேர் பாதையைப் பிளவாதபடி இடைவெளி விடுக. ஊர்ப்பாதை நெடுஞ்சாலையைக் கடக்குமிடம் வளைவிலன்றி இருபுறமும் தொலைவு தெரியும் நேரிடத்திலேயே அமைதல் வேண்டும்.

தனிப்பாதை ஒன்று பயன் குறைந்தது. பல பாதைகள் பின்னி வலைபோலாகும்போதே பயன் பெருகும். பெல்ஜியத்து லிம்பேர்க் மாகாணத்தில் 1995 இல் தோன்றிய முறை இதற்கு எளிய வழி காட்டுகின்றது. சுரங்கப் பொறியியலாளராகிய இயூகோ பொலன் என்பார், பாதைகள் கூடும் சந்திகள் தோறும் ஓர் எண்ணை நாட்டினார். செல்வோர் தமக்கு வேண்டிய எண்களை வரிசையாகக் குறித்துக்கொண்டு வழி தவறாது செல்கின்றனர். இம்முறைக்குப் பெருஞ்செலவு இல்லை. கம்பமும் வர்ணமும் போதும்.

ஆக்குதலினும் அரிது காத்தல். திறப்பு விழாவுக்கு வருவோர் பலர். மதகு அடைபட்ட நாளில் வருவோர் சிலர். எமது பருவத்திற்கேற்ப ஆண்டில் மூன்று முறை சிரமதானம் வகுத்துக் கொள்ளலாம். புரட்டாதியில், வடகீழ்ப் பருவமழைக்கு முன், வடிகால்களையும் மதகுகளையும் துப்புரவாக்குக. மாசியில், மழை ஓய்ந்து மண்ணில் ஈரம் நிற்கும்போது, குழிகளை நிரப்பி இறுக்குக. வைகாசியில், யாத்திரிகர் வருமுன், பற்றை வெட்டி, எண்பலகைகளுக்கு வர்ணம் தீட்டி, கேணிகளையும் தண்ணீர்த் தாங்கிகளையும் தூய்மை செய்க. சிறுகுழியை உடனே நிரப்ப ஒரு கூடை கிறவல் போதும். ஓராண்டு விட்டால் ஒரு வண்டி வேண்டும்.

இப்பணியைப் பகிர்தற்கு எமது வயல்வெளியிலேயே முன்மாதிரி உண்டு. நீர்ப்பாய்ச்சும் வாய்க்காலைத் தத்தம் வயலளவுக்கேற்பப் பங்கு பங்காக வெட்டித் துப்புரவாக்கும் வழக்கத்தை நம் உழவர் அறிவர். தன் பங்கை வெட்டாதவனை ஊரறியும். அமெரிக்க நாட்டு அப்பலாச்சியன் நெடும்பாதையும் இவ்வாறே காக்கப்படுகின்றது. பெண்டன் மக்காய் என்பார் 1921 இல் முன்மொழிந்து, 1937 இல் முற்றுப்பெற்ற, ஏறத்தாழ 3,500 கிலோமீற்றர் நீளமுள்ள அப்பாதையைத் தொண்டர் கழகங்கள் துண்டு துண்டாகப் பங்கிட்டுப் பேணுகின்றன. இங்கிலாந்தில் பிறிஸ்ரலுக்கும் பாத் நகருக்கும் இடையே கைவிடப்பட்ட இருப்புப்பாதைத் தடத்தைத் தொண்டர்கள் 1979 முதல் 1986 வரை உழைத்துத் துவிச்சக்கர வண்டிப் பாதையாக்கினர். பின்னெழுந்த நாடளாவிய பாதை வலைக்கு அதுவே வித்தாயிற்று.

எம் நாட்டிலும் அண்மையில் ஒரு சான்று தோன்றியுள்ளது. கண்டி அந்தானையிலிருந்து நுவரெலியா வரை, 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நீளும் ‘பீக்கோ’ நடைபாதை, பெரும்பாலும் புதிதாக வெட்டப்பட்டதன்று. தேயிலைத் தோட்டங்களிற் பழமையாக இருந்த வழிகளை இணைத்து அமைத்ததேயாம். தென்னாட்டிலிருந்து வந்த எம் இனத்தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்துக் கூடையுடன் நடந்த வழிகள் அவை. இதில் இரு பாடங்கள் உண்டு. உள்ள வழிகளை இணைத்தாலே பெரும்பணி முடியும் என்பது ஒன்று. வழியோரத்து மக்களுக்கு அவ்வழியாற் பயன் கிட்டாவிடின் அது நீடியாது என்பது மற்றொன்று. மாங்கேணியின் பாதையும் வருவோர் கண்டு களிப்பதற்கு முன்னர், அங்கு வாழ்வோர் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் தொழிலுக்கும் செல்வதற்குப் பயன்படல் வேண்டும்.

அதிலும் பெண்மக்களுக்கு விளையும் நன்மை சிறப்பாகக் குறிக்கத்தக்கது. தமிழகத்துப் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991 இல் எழுந்த அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு துவிச்சக்கர வண்டி ஓட்டவும் கற்பித்தது. ஒரு இலட்சத்திற்கு மேற்பட்ட கிராமப் பெண்கள் குறுகிய காலத்திற் கற்று, பிறர் துணையை எதிர்பாராது சந்தைக்கும் வேலைக்கும் செல்லலாயினர். வண்டி ஓட்டக் கற்ற பெண்ணுக்கு அடுத்து வேண்டுவது அஞ்சாது ஓட்டத்தக்க வழியன்றோ?

ஆகவே, இவ்விழா மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விழாவின் நினைவாகத் தூணும் பலகையும் நிறுவுதல் வழக்கம். அதனோடு, ஊர்க்கு ஒரு கிலோமீற்றராகப் பாதைப் பங்கு ஒன்றை ஏற்று, ஆண்டுதோறும் மும்முறை பேணுதலையும் வழக்கமாக்கிக் கொள்வோமாக. புவியியல் பயிலும் மாணவர் படம் வரைக, தாவரவியல் பயிலுவோர் மரம் தேர்க, ஆசிரியர்கள் வழிப்படுத்துக, வெளிநாடுகளில் வாழ்வோர் ஒரு மதகின் செலவை ஏற்க. கல்வெட்டிற் பொறித்த பெயரை மழை அழிக்கும். நாள்தோறும் பிள்ளைகள் அச்சமின்றிப் பள்ளி செல்லும் வழியோ, அவர்கள் நடக்கும் வரை அழியாது நிற்கும்.