நீலமலையில் கதையும் குழலும் ஊசியும்



நீலகிரி என்றவுடன் உங்கள் நினைவில் எழுவன உதகையின் ஏரியும் பூங்காவும் தேயிலைத் தோட்டங்களுமே. ஆனால் உதகை நகரம் உருவாகத் தொடங்கி இரண்டு நூற்றாண்டுகள்தாம் ஆகின்றன. தேயிலை அதற்கும் பிற்பட்டது. அதற்கு மிக முன்பே தோடர், கோத்தர், குறும்பர், இருளர், படகர் ஆகியோர் அம்மலையில் வாழ்ந்து வந்தனர். அவர்களுள் கோத்தர், தோடர் ஆகிய இரு சிறு கூட்டத்தாரின் கதையையும் இசையையும் கைத்தொழிலையும் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன். இருவருள் எவரும் தொகையில் மிக்கவர் அல்லர். இரு சாராரையும் சேர்த்தாலும் சில ஆயிரம் பேரே தேறுவர்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நாம் கலை என்றும் தொழில் என்றும் இரண்டாகப் பிரித்துப் பேசிப் பழகிவிட்டோம். பாடநூலிலும் இசைக்கு ஒரு பாடம், மட்பாண்டத்திற்கு வேறொரு பாடம். மலையில் அப்பிரிவு இல்லை. கோத்தன் ஒருவன் காலையில் உலைக்களத்தில் இரும்பு அடிப்பான். மாலையில் ஒரு சாவு வீட்டில் குழல் ஊதுவான். அவன் மனைவி சக்கரத்தில் பானை வனைவாள். மலையில் பானை வனைதல் பெண்களின் தொழில். சமவெளியில் குயவர் வீட்டு ஆடவர் சக்கரம் சுழற்றக் கண்ட நமக்கு இது புதுமையாகத் தோன்றும்.

இவ்வுழைப்பிற்கு நாணயமாகக் கூலி கிடைத்ததில்லை. கோத்தர் வீடு ஒன்றிற்கு இன்ன படகர் வீடுகள், இன்ன தோடர் குடும்பங்கள் என்று தலைமுறை தலைமுறையாக உறவு உண்டு. கோத்தர் அரிவாளும் கோடரியும் பானையும் கொடுத்தனர். பிறர் வீட்டுச் சடங்குகளில் வாத்தியம் வாசித்தனர். படகர் தம் தானியத்தைக் கொடுத்தனர். தோடர் நெய்யும் எருமையும் கொடுத்தனர். குறும்பர் தேனும் கூடையும் கொணர்ந்தனர்; அவர்களுடைய மந்திர ஆற்றலைக் குறித்த அச்சமும் உடன் வந்தது. இதை ஓர் இனிய கூட்டுறவு என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவோர் உண்டு. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். காரணம் பின்னர் விளங்கும்.

கோத்தருக்கு ஏழு ஊர்கள். ஒவ்வோர் ஊரிலும் மேல், நடு, கீழ் என்று மூன்று தெருக்கள். தெருவைக் குறிக்க அவர்கள் வழங்கும் சொல் ‘கேர்’. அது நம் ‘சேரி’யோடு உறவுடையது. இவ்வூர்கள் எங்ஙனம் அமைந்தன என்று கேட்டால் ஒரு கதை சொல்வார்கள். ஒரு கரிய பசு முன்னே நடந்தது. முன்னோர் அதன் பின்னே சென்றனர். அது நின்று கால் பதித்த இடமெல்லாம் ஊராயிற்று. கேட்பதற்குச் சிறிய கதைதான். ஆயினும் அது அவர்களுக்கு வரலாறும் நிலவரைபடமும் நிலவுரிமைச் சான்றும் ஆகிய மூன்றுமாம். இன்ன இடத்தில் நாம் ஏன் வாழ்கிறோம் என்ற வினாவிற்குப் பத்திரம் இல்லாத மக்கள் கதையால் விடை கூறுகின்றனர். கோத்தர் இசையை நெடுங்காலம் ஆராய்ந்த அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு உல்ஃப் தம் நூலுக்குக் கரும்பசுவின் காலடி என்றே பெயர் சூட்டினார்.

இனி இசைக்கு வருவோம். கோத்தரின் முதன்மைக் கருவி ‘கொள்’ எனும் குழல். நாகசுரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதுவது. அதனோடு வளைந்த ‘கொப்’ ஒலிக்கும். இது நம் கொம்பே. முற்காலத்தில் எருமைக் கொம்பாக இருந்து, பின்னர்ப் பித்தளைக்கு மாறியது. ‘தபட்க்’ எனும் தோற்கருவியின் பெயரைக் கேட்டதும் நம் தப்பட்டை நினைவுக்கு வரும். கோத்த மொழி தமிழின் கிளைமொழி அன்று. தமிழோடு ஒரே மூலத்திலிருந்து பிரிந்த தனித் திராவிட மொழி. உறவினர் வீட்டில் நம் முகச்சாயலைக் காண்பது போன்றது இது.

குழலில் வாசிக்கும் மெட்டுக்களை அவர்கள் வகைப்படுத்தும் முறை கவனிக்கத்தக்கது. தெய்வத்திற்குரிய மெட்டு, சாவிற்குரிய மெட்டு, ஆடலுக்குரிய மெட்டு என்று பிரிப்பர். முதலிரண்டும் கலத்தல் ஆகாது. ஐநோர், அம்நோர் என்னும் தந்தை, தாய்த் தெய்வங்களுக்கு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் விழா எடுக்கும்போது சாவு மெட்டின் நிழலும் அங்கே படக்கூடாது. சாவுச் சடங்கும் இரண்டு. இறந்தவுடன் செய்வது பச்சைச் சாவு. பிறகு, இறந்தோர் பலருக்கும் சேர்த்துச் செய்வது வறண்ட சாவு. அவர்கள் மொழியிலும் இதே பொருளுள்ள சொற்களே. நம் மொழியின் ‘பச்சை’யும் ‘வறட்சி’யும் அங்கே துயரத்தின் இரு நிலைகளைக் குறித்து நிற்பது வியப்பாக இல்லையா? இசைக்குறிப்பு எழுதும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை. சிறுவன் கேட்டுக் கேட்டே கற்க வேண்டும். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் கேள்விப்பயிற்சி என்று எங்களுக்கு ஒரு தாள் முழுவதும் கற்பித்தனர். அதன் முழுப்பொருள் இத்தகைய மக்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

தோடரிடம் செல்வோம். அவர்கள் எருமை மேய்ப்போர். எருமையே அவர்களுக்குச் செல்வம், எருமையே சமயம். டபிள்யூ. எச். ஆர். ரிவர்சு என்பவர் 1906இல் வெளியிட்ட நூலில் அவர்களது தோற்றக் கதை இருக்கிறது. ஆன் என்னும் தெய்வம் மலைமேல் நின்று மண்ணிலிருந்து எருமைகளை வெளிப்படச் செய்தது. ஒன்றன்பின் ஒன்றாக 1600 எருமைகள் வந்தன. கடைசி எருமையின் வாலைப் பற்றிக்கொண்டு ஒரு மனிதன் வந்தான். அவனே முதல் தோடன். மனிதனைப் படைத்துவிட்டு அவன் பயனுக்காக விலங்கைப் படைத்ததாகக் கூறும் கதைகள் உலகில் பல. இங்கோ மனிதன் எருமையின் வாலில் வருகிறான்! தம்மைப் பற்றி இவ்வளவு அடக்கமாகக் கதை சொல்லிக்கொண்ட மக்கள் அரியர்.

தோடர் பாட்டின் அமைப்பு மேலும் நுட்பமானது. 1935 முதல் 1938 வரை இந்தியாவில் ஆய்வு செய்த எமெனோ என்ற மொழியறிஞர் அப்பாடல்களைத் திரட்டி 1971இல் பெருநூலாக வெளியிட்டார். பாட்டின் அலகு சில அசைகளாலான சிறு தொடர். ஒரு தொடர் பாடினால் அதற்கு இணையாக மற்றொரு தொடர் வந்தே தீர வேண்டும். ஓர் ஊரைச் சொன்னால் இணையூர் ஒன்று; ஓர் எருமையைச் சொன்னால் இணையெருமை ஒன்று. எருமைகளுக்கும் ஊர்களுக்கும் மலைகளுக்கும் பெயர் உண்டு. எந்தப் பொருளைப் பாட வேண்டுமாயினும் அதற்குரிய சொற்சேர்க்கைகள் மரபில் ஆயத்தமாக உள்ளன. அப்படியானால் புலமைக்கு இடம் எங்கே என்று கேட்பீர்கள். எதைக் கூறுவது, எதை விடுவது, எந்த இணையைக் கொண்டு எதைக் குறிப்பாக உணர்த்துவது என்பதில்தான் புலமை. கேட்போர்க்கும் அம்மரபு தெரியும். ஆதலின் பெயரைச் சொல்லாமலே இன்னாரைத்தான் பாடுகிறார் என்பதை உணர்ந்து மகிழ்வர். எதுகை மோனைக்குள் நின்று வெண்பா இயற்றிப் பார்த்த மாணவர்க்கு இது எளிதில் புரியும். அங்கே பாடல் கட்டுதல் தனிப் புலவர் குலத்தின் உடைமையும் அன்று.

இப்போது முன்னர் நிறுத்திவைத்த செய்தியைச் சொல்லுகிறேன்.

1924இல் மலையில் ஒருவகை மீள்காய்ச்சல் பரவியது. கோத்தர் ஊராகிய கோல்மேலில் பலர் மாண்டனர், பூசாரிகளும் மாண்டனர். சடங்கு அறிந்தோர் மறைந்தபின் யார் அடுத்த பூசாரி என்பதில் பிணக்கு எழுந்தது. நூலில் எழுதாத அறிவுக்கு இது ஒரு பெரிய ஆபத்து. ஒரு நோய் ஒரு நூலகத்தையே கொண்டுபோய்விடும். அதன்பின் 1930ஐ ஒட்டிப் படகருள் சீர்திருத்தம் விரும்பியோர், தம் சடங்குகளில் கோத்தர் இசை வேண்டாம் என்றனர். சந்தையில் இரும்புக் கருவிகளும் பாத்திரங்களும் மலிவாகக் கிடைத்தன. பழைய உறவின் முடிச்சுகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

இதைக் கேட்டு, ஐயோ கலை அழிந்ததே என்று வருந்துவது எளிது. ஆனால் கோத்தர் பக்கத்தில் நின்றும் நோக்க வேண்டும். பிறர் வீட்டுச் சாவில் வாசித்ததனாலும், இறந்த எருமையின் இறைச்சியைப் பெற்றதனாலும் அவர்களைப் பிறர் தாழ்வாக மதித்தனர். கோத்தருள் சுள்ளி என்பவர் பள்ளியில் படித்து ஆசிரியரானவர். அவர் தம் குடுமியைக் களைந்தார். பிறருக்கு வாசிப்பதை விடுவோம், அந்த இறைச்சியை விடுவோம் என்று தம் மக்களிடம் வாதாடினார்; தம் மக்களாலேயே எதிர்க்கப்பட்டார். அவரைப் பற்றி மாண்டல்பாம் என்ற மானிடவியலறிஞர் எழுதியிருக்கிறார். இந்தச் சுள்ளியேதான் எமெனோவுக்குக் கோத்தரின் கதைகளைப் பொறுமையுடன் சொல்லி எழுதுவித்தவர். அவை 1944 முதல் 1946 வரை நூலாக வெளிவந்தன. வழக்கத்தை மாற்றப் போராடியவரே கதையைக் காத்தவருமானார். இவ்விரண்டும் முரண் என்று எனக்குத் தோன்றவில்லை. இழிவை நீக்க விரும்பினார்; நினைவை இழக்க விரும்பவில்லை. குழலும் ஓய்ந்துவிடவில்லை. பிறர் வாயிலில் ஒலித்தது நின்று, அவர்கள் தம் தெய்வத்தின் முன்னும் தம் இறந்தோர் பொருட்டும் ஒலிக்கிறது.

தோடப் பெண்களின் ஊசிவேலைக்கு நேர்ந்தது வேறு. தோடர் நூற்பதும் இல்லை, நெய்வதும் இல்லை. வெள்ளைப் பருத்தித் துணியை வெளியிலிருந்து வாங்கி, அதில் கறுப்பு, சிவப்பு நூலால் பூவேலை செய்து ‘புட்குளி’ எனும் போர்வையாக்குவர். துணியில் கோடு வரைவதில்லை, அச்சும் இல்லை. ஊசிமுனையால் இழைகளை எண்ணி எண்ணியே கோலம் பிறக்கிறது. தைத்து முடித்தால் நெய்தது போலவே தோன்றும். இரு புறமும் பயன்படும். எருமைக் கொம்பு, மலை, பூ என்று அவ்வடிவங்களுக்குப் பெயருண்டு. உயிருள்ளோர் போர்த்துவதோடு இறந்தோரையும் இதில் பொதிவர். இவ்வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இன்று இப்பூவேலை கைப்பையிலும் மேசை விரிப்பிலும் வந்துவிட்டது. இதனைக் குறைகூறுவோரும் உளர். நான் அவர்களோடு சேரேன். இழை எண்ணும் கண்ணும் விரலும் மகளிடம் சென்றால் போதும். துணி எவ்வடிவில் இருந்தால் என்ன? விலை பேசுவோரைக் கண்டால்தான் எனக்குச் சிறிது வெகுளி உண்டாகிறது. பொறியில் தைத்த போலியையும் கையால் தைத்ததையும் அருகருகே வைத்து, இது மலிவாயிற்றே என்கின்றனர். அடுத்த முறை உதகைக் கடையில் அத்தகைய போர்வையைக் கண்டால், ஒரு விரற்கடை அகலத்தில் எத்தனை இழை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். அதன்பின் முழுப் போர்வையின் நீளத்தையும் பாருங்கள்.