வாலே மெயாவோ: ஒரு பண்ணை, இரண்டு வைன்கள்

கிண்டா டோ வாலே மெயாவோ என்பது போர்த்துகல் நாட்டின் வடகிழக்கில், டோரோ ஆற்றங்கரையில் அமைந்த குடும்பப் பண்ணையாகும். 'கிண்டா' என்ற போர்த்துக்கீசியச் சொல்லுக்குப் பண்ணைத்தோட்டம் என்பது பொருள். இங்கு தயாராகும் சிவப்பு வைனுக்கும் இதே பெயர்தான். நாட்டின் மிகப் புகழ்பெற்ற சிவப்பு வைன்களுள் ஒன்றான 'பார்கா வெல்யா'வும் இங்குதான் பிறந்தது. ஒரே நிலம் இரண்டு பெயர்களைத் தந்தது எப்படி என்பதைப் பார்ப்போம்.

பண்ணையின் தோற்றம்

இதை உருவாக்கியவர் டோனா அன்டோனியா அடெலைட் ஃபெரெய்ரா (1811–1896). 33 வயதில் கணவரை இழந்த இவர், குடும்ப வணிகத்தைத் தாமே நடத்தினார். 1877இல் சுமார் 300 ஹெக்டேர் தரிசு நிலத்தை ஏலத்தில் வாங்கித் திராட்சைத் தோட்டமாக்கினார். அருகிலுள்ள பொசின்யோவுக்கு 1887இல் ரயில் வந்தது.

இனிப்பு வைனும் இனிப்பற்ற வைனும்

டோரோ பகுதி 'போர்ட்' எனும் இனிப்பு வைனுக்குப் பெயர் பெற்றது. திராட்சைச் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுகிறது. இடையில் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்தால் நொதித்தல் நின்றுவிடும், சர்க்கரை மிஞ்சும். இதுவே போர்ட். இனிப்பற்ற வைனுக்கோ நொதித்தல் முழுமையாக நடக்க வேண்டும். நொதிக்கும்போது வெப்பம் வெளியாகிறது. சூடு மிகுந்தால் ஈஸ்ட் செத்துவிடும். சுவையும் மணமும் கெடும். கோடையில் 40 பாகையைத் தாண்டக்கூடிய இப்பள்ளத்தாக்கில் இது பெரும் சிக்கல்.

ஃபெரெய்ரா நிறுவனத்தின் வைன் வல்லுநர் பெர்னாண்டோ நிக்கொலாவ் டி அல்மெய்டா இதற்கு ஒரு வழி கண்டார். அன்று பண்ணையில் மின்சாரம் கிடையாது. கடற்கரை ஊரான மட்டோசின்யோஸிலிருந்து ஐஸ் கட்டிகளை வரவழைத்து, நொதிக்கும் சாற்றைக் குளிர்வித்தார். இவ்வாறு 1952 அறுவடையில் முதல் பார்கா வெல்யா உருவானது. மிகச் சிறந்த ஆண்டுகளில் மட்டுமே இப்பெயர் சூட்டப்படும்; மற்ற ஆண்டுகளின் வைன் வேறு பெயரில் விற்பனைக்கு வரும். அதனால் 1952 முதல் 2015 வரையிலான அறுவடைகளில் ஏறத்தாழ இருபதுதான் இப்பெயரைப் பெற்றன.

நிலம் ஒருபுறம், பெயர் ஒருபுறம்

1987இல் ஃபெரெய்ரா நிறுவனத்தைச் சோக்ராபே நிறுவனம் வாங்கியது. பார்கா வெல்யா என்ற பெயர் நிறுவனத்தோடு சென்றது. நிலமோ டோனா அன்டோனியாவின் வாரிசுகளிடமே இருந்தது. வழித்தோன்றலான பிரான்சிஸ்கோ ஜேவியர் டி ஒலசபால், உறவினர்களின் பங்குகளை வாங்கிப் பண்ணையை ஒன்றுசேர்த்தார். நிறுவனப் பொறுப்பிலிருந்து விலகிய பின், 1999 அறுவடையிலிருந்து பண்ணையின் பெயரிலேயே வைன் செய்யத் தொடங்கினார். பார்கா வெல்யாவின் தயாரிப்பு கிண்டா டா லேடா என்ற வேறொரு பண்ணைக்கு மாறியது.

இன்றைய வைன்

டூரிகா நசியோனல், டூரிகா ஃபிராங்கா, டின்டா ரோரிஸ் முதலிய உள்ளூர்த் திராட்சை வகைகளைக் கலந்து இது தயாராகிறது. பண்ணையில் பலகைப்பாறை, கருங்கல், ஆற்றுக் கூழாங்கல் என மூவகை நிலங்கள் உண்டு. ஒவ்வொன்றின் பழமும் வெவ்வேறு குணம் கொண்டது. 2011ஆம் ஆண்டு வைன், அமெரிக்காவின் 'வைன் ஸ்பெக்டேட்டர்' இதழ் 2014இல் வெளியிட்ட பட்டியலில் நான்காம் இடம் பெற்றது.

நிலத்தை இழந்த பெயரும், பெயரை இழந்த நிலமும் இன்று தனித்தனியே புகழுடன் விளங்குகின்றன. முன்னதைக் காப்பது கண்டிப்பான தேர்வு; பின்னதைக் காப்பது மண்ணின் வளமும் குடும்பத்தின் உழைப்பும்.